எங்கே தண்ணீர் குடித்தார்கள்?

(கல்லூரி வரலாற்று மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வழக்கம்போல் பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட மாணவ மாணவியரே!

பின்வரிசைக்காரர்களைத் தனியாகச் சொன்னேன். காரணம் உண்டு. பேருந்திலும் அவர்கள் பின்வரிசையைத்தான் பிடித்தார்கள். இன்று நான் சொல்லப்போகும் கதை அந்தப் பின்வரிசையில்தான் தொடங்குகிறது.

சென்ற மார்ச் மாதக் கடைசியில் நம் மாணவர்கள் 31 பேரும் ஆசிரியர்கள் நாங்கள் இருவரும் ஜோர்டான் நாட்டில் எட்டு நாள் பேருந்தில் சுற்றினோம். அரண்மனை பார்த்தோம், கோட்டை பார்த்தோம், மலையைக் குடைந்த நகரம் பார்த்தோம். அவற்றையெல்லாம் படம் எடுத்தும் வந்திருக்கிறோம். ஆனால் இன்று நான் பேச வந்தது அரண்மனையைப் பற்றி அன்று. என் தலைப்பு ஒரு கேள்வி: எங்கே தண்ணீர் குடித்தார்கள்?

தமிழ் படித்தவர்களுக்குப் பாலை புதிதில்லை. ஆனால் நம் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு திரியும்போது பாலை பிறக்கிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அப்படியானால் நம் பாலை ஒரு விருந்தாளி. மழை வந்தால் எழுந்து போய்விடும். நாங்கள் பார்க்கப்போன பாலை விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரனோடு ஒரே கூரையின் கீழ் மனிதர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள்? எட்டு நாளும் நாங்கள் தேடியது அதற்கான விடையைத்தான்.

அந்தத் தேடல் நாங்களாகத் தொடங்கியதில்லை. தொடங்கி வைத்தவர் எங்கள் பேருந்து ஓட்டுநர். அறுபதைக் கடந்தவர். அரபி மொழியில் தந்தையின் உடன்பிறந்தவரை 'அம்மோ' என்று கூப்பிடுவார்கள். நம் சித்தப்பா, பெரியப்பா போல. பிள்ளைகள் முதல் நாளே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் வந்து சேர்ந்த ஊரின் பெயரோ அம்மான். இறங்கிய அன்றே எங்களுக்கு ஒரு தாய்மாமனும் கிடைத்தான், ஒரு சித்தப்பாவும் கிடைத்தார்!

முதல் நாள் மாலை. ஊருக்கு வெளியே சாலையோரம் பேருந்து நின்றது. பின்வரிசை மாணவன் ஒருவன் வாய் கொப்பளித்துவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மணலில் கொட்டினான். வேடிக்கைக்குத்தான். மணல் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கிறானாம். அம்மோ பார்த்தார். திட்டவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. பேருந்துக்குள் ஏறி, இருக்கைகளின் அடியிலும் இடுக்கிலும் நாங்கள் விட்டுவைத்திருந்த அரைகுறை பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து படிக்கட்டில் வரிசையாக வைத்தார். எண்ணினார். பத்தொன்பது. பிறகு தமக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், தம் வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும் என்று மட்டும் சொன்னார். 'யல்லா' என்றார். புறப்படுவோம் என்று பொருள். எல்லாரும் ஏறினோம். அன்று பேருந்தில் பாட்டுச் சத்தம் இல்லை.

அன்று இரவே பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்த இடத்தில் இறங்கினாலும் முதல் கேள்வி இதுதான்: இங்கே இருந்தவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள்? யார் கட்டினார், எந்த ஆண்டு, எத்தனை தூண் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மான் நகரத்திலேயே தொடங்கினோம். நகரின் நடுவே ரோமானியர் கட்டிய அரங்கம் இருக்கிறது. ஆறாயிரம் பேர் உட்காரலாம். அன்று அந்த ஊருக்குப் பிலடெல்பியா என்று பெயர். ஆறாயிரம் பேர் கூத்துப் பார்க்க வந்த ஊரில் தண்ணீர் எங்கே? கொஞ்ச தூரத்தில் கடைத்தெரு. அந்தத் தெருவின் பெயர் சக்ஃப் அல்-சைல். பொருள் கேட்டோம். 'ஓடையின் கூரை' என்றார்கள். அந்த ஓடைதான் ஊரை உண்டாக்கியது. அதன் கரையில்தான் ரோமானியர் நீரூற்று மண்டபம் எழுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஓடைக்கு மேலே தளம் போட்டு, சாலை போட்டு, கடையும் வைத்துவிட்டார்கள். ஊரைப் பெற்ற தாய் ஊருக்கு அடியில் கிடக்கிறாள். பெயரில் மட்டும் நினைவு இருக்கிறது.

நகரின் இன்னொரு பக்கம் ஐன் கஸால். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிராமம். 1970களில் சாலை போடத் தோண்டியபோது வெளிப்பட்டது. அங்கே 1983-லும் 1985-லும் சுண்ணாம்புச் சாந்தால் செய்த மனித உருவங்கள் கிடைத்தன. அகலக் கண்களோடு நம்மையே பார்க்கும் அந்த உருவங்களை அருங்காட்சியகத்தில் கண்டோம். சக்கரம் இல்லாத காலம், எழுத்து இல்லாத காலம், மட்பாண்டம்கூடச் சரியாக வராத காலம். எதை நம்பி அங்கே குடியேறினார்கள்? பெயரையே கேளுங்கள். ஐன் என்றால் சுனை, கஸால் என்றால் மான். மான் சுனை! விடை பெயருக்குள்ளேயே இருந்தது.

இன்றைய அம்மானில் வீட்டுக்கு வீடு கூரைமேல் தொட்டிகள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிரப்பிக்கொண்டு, மறுபடி வரும்வரை அதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 500 கன மீட்டருக்குக் கீழே போனால் கடும் பற்றாக்குறை என்பது உலகக் கணக்கு. ஜோர்டானில் 100 கன மீட்டர்கூடக் கிடைப்பதில்லை. அம்மோ பாட்டில்களை எண்ணியதன் பொருள் அந்தக் கூரைகளைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்து எங்கே போனோம்? கிழக்கே, கறுத்த எரிமலைக் கற்கள் பரவிய பாலைக்கு. வழியில் குசைர் அம்ரா. எட்டாம் நூற்றாண்டில் உமையா மரபின் இளவரசர் ஒருவர் கட்டிய சிறிய மாளிகை. வெளியே பார்த்தால் ஒரு சாதாரணக் கட்டடம். உள்ளே போனால் சுவரெல்லாம் ஓவியம். குவிமாடத்தில் இரவு வானமும் ராசி மண்டலமும். அந்த வானத்தின் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? வெந்நீர்க் குளியலறை! பாலையின் நடுவில், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெந்நீரில் குளித்திருக்கிறார் இளவரசர். தண்ணீர் எங்கிருந்து வந்தது? வாசலில் ஆழமான கிணறு. பக்கத்தில் ஒரு விலங்கு செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வந்து இறைத்த வட்டத் தடம். ஓவியத்தைப் பார்க்கப் போன பிள்ளைகள் அந்தத் தடத்தைச் சுற்றி வெகுநேரம் நின்றார்கள். இளவரசர் யார் என்பது நூலில் இருக்கிறது. அந்த விலங்கு நடந்த நடைக்கு அந்த வட்டம் ஒன்றே சாட்சி.

அங்கிருந்து அஸ்ரக். அரபியில் நீலம் என்று பொருள். பாலைக்கு நடுவே சுனைகள் பொங்கி ஏரியாய்ப் பரந்திருந்த இடம். ஆப்பிரிக்காவுக்கும் வடநாடுகளுக்கும் இடையே பறக்கும் பறவைகள் இறங்கி இளைப்பாறிய இடம். 1967-இல் ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அங்கே எண்ணியிருக்கிறார்கள். பிறகு என்ன ஆயிற்று? அம்மான் வளர்ந்தது. அஸ்ரக்கின் நீரைக் குழாய் வழியே அம்மானுக்கு எடுத்தார்கள். சுற்றிலும் வயல்களுக்காக ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் சுனைகள் நின்றன, ஏரி காய்ந்தது. 2000-இல் எண்ணியபோது 1,200 பறவைகள். இன்று தண்ணீரைத் திரும்ப விட்டு ஒரு சிறு பகுதியை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன மீன் அங்கே பிழைத்துக் கிடக்கிறது. நீலம் என்று பெயர் வைத்துக்கொண்டு வெளுத்துக் கிடக்கும் அந்த நிலத்தைப் பார்த்தபோது ஒரு மாணவி கேட்டாள்: 'ஐயா, நாம் இரண்டு நாளாகக் குளித்த தண்ணீர் இதுதானோ?' நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நண்பர்களே, மூன்றாம் நாள் தெற்கே திரும்பினோம். தெற்கே போக இரண்டு வழி. ஒன்று நேராக ஓடும் பாலை நெடுஞ்சாலை, சீக்கிரம் போய்விடலாம். மற்றொன்று அரசர் பெருவழி. விவிலியத்தின் எண்ணாகமத்திலேயே பேசப்படும் பழைய பாதை. ரோமப் பேரரசர் டிராஜன் காலத்தில் தளம் போட்டு, சிரியாவிலிருந்து செங்கடல்வரை நீட்டினார்கள். நாங்கள் பெருவழியைத் தேர்ந்தோம். ஏன் அந்தப் பாதை வளைந்து வளைந்து மலைமேட்டிலேயே போகிறது? மழையும் சுனையும் இருப்பது அந்த மேட்டில்தான். வணிகனும் படைவீரனும் தண்ணீர் போன வழியே போனார்கள். பாதையை வகுத்தது அரசன் இல்லை, தாகம்.

பெருவழியில் முதல் ஊர் மதபா. அங்கே ஒரு தேவாலயத்தின் தரையில் ஆறாம் நூற்றாண்டு வரைபடம். வண்ணக் கற்களைப் பதித்துச் செய்தது. எருசலேம் இருக்கிறது, யோர்தான் ஆறு இருக்கிறது, சாக்கடல் இருக்கிறது. ஊர்களையும் கோயில்களையும் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் மீனைத் தேடினார்கள். ஆற்றில் இறங்கி வரும் ஒரு மீன் சாக்கடலின் வாயருகே வந்ததும் உப்புக்கு அஞ்சித் திரும்பி நீந்துகிறது. அந்தக் கலைஞனின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவன் நீரை அறிந்தவன். எந்த நீர் உயிருக்கு ஆகும், எந்த நீர் ஆகாது என்பதை ஒரு மீனைத் திருப்பி வைத்தே சொல்லிவிட்டான். சாக்கடல் மற்றக் கடல்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. இன்று யோர்தான் ஆற்று நீரை மேலேயே எடுத்துக்கொள்வதால் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் தாழ்ந்துகொண்டும் இருக்கிறது.

அடுத்தது தீபான். பேருந்துகள் நிற்காத ஊர். நாங்கள் நின்றோம். ஒரு மண்மேடு, சிதறிய கற்கள், மேய்கிற ஆடுகள், அவ்வளவுதான். ஆனால் மோவாப் நாட்டு மேசா அரசன் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் கருங்கல்லில் வெட்டிய 34 வரிக் கல்வெட்டு 1868-இல் இங்கேதான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஐரோப்பியர் ஆளாளுக்குப் போட்டியிட்டதில் கல் உடைந்தது. ஒட்டவைத்த கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில். அதில் வழக்கம்போல் வெற்றிப் பெருமை உண்டு, பிடித்த ஊர்களின் பட்டியல் உண்டு. நடுவே ஒரு செய்தி: நகருக்குள் நீர்த்தொட்டி இல்லை என்பதால், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு தொட்டி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று மக்களுக்கு ஆணையிட்டதாக அரசன் சொல்கிறான்.

இதைப் படித்துக் காட்டியதும் பேருந்தில் ஒரே ஆரவாரம். ஏன்? 2003-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதற்கு ஏறத்தாழ 2,800 ஆண்டுக்கு முன் அதே ஆணை! கல்லில் வெட்டி நிறுத்தும் அளவுக்கு ஓர் அரசன் அதைப் பெருமையாக நினைத்தான். போரில் வென்றதும் பெருமை, வீட்டுக்கு வீடு தொட்டி வெட்டவைத்ததும் பெருமை. இன்றைய ஆட்சியாளர் எத்தனை பேர் இரண்டையும் ஒரே கல்லில் எழுதுவார்கள்?

தீபானைத் தாண்டியதும் முஜிப் பள்ளத்தாக்கு. வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அடியில் உள்ள அணையின் மேலேயே கடந்து, எதிர்மலை ஏறியது. பிறகு கரக். சிலுவைப் போர்க்காரர்கள் 1142-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. அவர்களோடு முட்டிய சுல்தான் சலாகுத்தீனின் கதைகள் ஆயிரம். அவற்றை நூல்களில் படித்துக்கொள்ளலாம். நம் கேள்விக்கு அங்கே விடை சுருக்கம்: கோட்டைக்குள் மழைநீர்த் தொட்டிகள். முற்றுகையில் கோட்டையைக் காப்பது மதில் பாதி, தொட்டி பாதி.

இனி பெட்ரா. இந்த அவையில் பலர் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெட்ராவைக் கட்டியவர்கள் நபத்தேயர் என்னும் அரபு மக்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதிவைத்திருக்கிறார். விதைக்கக் கூடாது, கனிமரம் நடக் கூடாது, மது அருந்தக் கூடாது, வீடு கட்டக் கூடாது. மீறினால் மரண தண்டனை! ஏன் இப்படி ஒரு சட்டம்? நிலமும் வீடும் உள்ளவனை வலியவன் எளிதில் அடிமைப்படுத்துவான் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் பகைவன் வந்தால் என்ன செய்வார்கள்? பாலைக்குள் போய்விடுவார்கள். பகைவன் பின்தொடர்ந்தால்? தாகத்தில் சாவான். அவர்கள் சாகமாட்டார்களா? மாட்டார்கள். வாய் குறுகி, உள்ளே போகப் போக அகன்று, அடியில் பக்கத்துக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர்வரை விரியும் தொட்டிகளை நிலத்தடியில் வெட்டி, மழைநீரை நிரப்பி, வாயை மூடி, தங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வைத்திருந்தார்கள். பாலை எல்லாருக்கும் ஒன்று. பூட்டு அவர்களிடம், சாவியும் அவர்களிடம்.

வீடு கட்டினால் மரண தண்டனை என்றிருந்த அதே மக்கள், முந்நூறு ஆண்டுக்குள் மலையையே குடைந்து நகரம் கண்டார்கள். எப்படி? தென் அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் அவர்கள் வழியாகத்தான் மத்தியதரைக் கடலுக்குப் போயின. ஒட்டகம் எங்கே நிற்க வேண்டும்? தண்ணீர் இருக்கும் இடத்தில். தண்ணீர் யார் கையில்? நபத்தேயர் கையில். வணிகம் தண்ணீரைத் தேடி வந்தது.

நகருக்குள் போகச் 'சீக்' என்ற பிளவுப் பாதை. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்துப் பாறை. அண்ணாந்தால் வானம் ஒரு நாடாப்போல் தெரியும். எல்லாரும் பாதையின் முடிவில் என்ன வரும் என்று ஓடுகிறார்கள். நாங்கள் சுவரைப் பார்த்து நடந்தோம். ஒரு பக்கச் சுவரில் வெட்டிய கால்வாய். மறுபக்கம் சுட்ட மண்குழாய் பதித்த பள்ளம். மலைக்கு வெளியே உள்ள 'ஐன் மூசா' சுனையின் நீரை இந்தப் பிளவு வழியே ஊருக்குள் கொண்டுபோனார்கள். இடையிடையே வண்டல் படியச் சிறு தொட்டிகள். ஓரிடத்தில் பாறையில் ஓர் ஒட்டக வரிசை செதுக்கியிருக்கிறது. மேற்பகுதி தேய்ந்துவிட்டது. ஒட்டகத்தின் கால்களும் ஓட்டிவந்தவனின் பாதங்களும் மட்டும் மிச்சம். வந்த ஒட்டகமும் வரவேற்ற தண்ணீரும் ஒரே சுவரில் இருக்கின்றன.

பாதை முடிகிறது. பிளவின் வாயில் ரோசா நிறத்தில் அல்-கஸ்னே எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரம், ஒரே மலையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியது. கஸ்னே என்றால் கருவூலம். உண்மையில் அது ஓர் அரச கல்லறை. உச்சியில் உள்ள கல்தாழியில் புதையல் இருப்பதாக நம்பிய, அந்தப் பாலையில் வாழும் பெதுவின் மக்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த தழும்புகள் இன்றும் இருக்கின்றன. புதையல் விழவில்லை. விழுமா? அது திண்ணிய கல்! பெட்ராவின் புதையல் அவர்கள் நடந்துவந்த வழியிலேயே, இடுப்பு உயரத்தில், கால்வாயாகக் கிடந்தது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. நம் ஊரில் ஒரு புயல் நாளில் பெய்யும் அளவு. அந்த மழையை வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். வாழ்ந்தது மட்டுமா? நகரின் நடுவே சந்தை என்று நெடுநாள் நினைத்திருந்த இடத்தை 1998-இல் ஆராய்ந்தபோது, 43 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குளம் வெளிப்பட்டது. நடுவே மண்டபம், பக்கத்தில் தோட்டம்! எட்டு நாள் பாலையைத் தாண்டி, நாவறண்டு வரும் வணிகனின் கண்முன் ஒரு குளம் விரிந்தால் அவன் என்ன நினைப்பான்? இந்த ஊர் அரசனிடம் இல்லாதது எதுவும் இல்லை என்று நினைக்கமாட்டானா? நம் அரசர்கள் யானையைக் காட்டினார்கள். நபத்தேய அரசன் தண்ணீரைக் காட்டினான்.

ஆனால் நண்பர்களே, பாலையில் தண்ணீருக்கு இன்னொரு முகம் உண்டு. அது கொல்லும். எங்கோ தொலைவில் மழை பெய்யும். மண் குடிக்காது. பாறைமேல் வழிந்து, பள்ளத்தாக்கில் திரண்டு, சுவர்போல் எழுந்து வரும். நபத்தேயர் அதை அறிந்திருந்தார்கள். சீக்கின் வாயில் அணை கட்டி, பக்கத்துப் பாறையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். பின்னாளில் நகரம் கைவிடப்பட்டது. அணையும் சிதைந்தது. 1963 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த சுற்றுலாக் குழு ஒன்று சீக்கில் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளம் புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்திலேயே புதிய அணை எழுந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தெரிந்திருந்த ஒன்றை மறுபடி கற்றுக்கொள்ள இத்தனை உயிர் விலை. 2018 அக்டோபரில் சாக்கடல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளையே வெள்ளம் அடித்துப் போனது. அம்மோ அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்களை உள்ளே அனுப்பினார். அவர் எதற்காக அவ்வளவு நேரம் பார்த்தார் என்பது மாலையில்தான் எங்களுக்கு விளங்கியது.

பெட்ரா எப்படி வீழ்ந்தது? ஒரே அடியில் வீழவில்லை. கி.பி. 106-இல் ரோமப் பேரரசு அதைச் சேர்த்துக்கொண்டது. 363-இல் நிலநடுக்கம் பாதி ஊரை இடித்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே ஒரு மாற்றம் தொடங்கியிருந்தது. பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் செங்கடலுக்கும் இந்தியாவுக்கும் இடையே நேரே ஓடத் தொடங்கின. ஒட்டகம் சுமந்த சரக்கு கப்பலில் ஏறியது. தண்ணீரைக் கையில் வைத்திருந்தவனைக் காற்றைக் கையில் பிடித்தவன் வென்றான்.

அங்கிருந்து வாதி ரம். செம்மணலில் நட்டுவைத்த தீவுகள்போல் மலைகள். அங்கே 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்லெழுத்துகளும் இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் அரசர்கள் எழுதியவை இல்லை. அவ்வழியே போன இடையனும் வணிகனும் தம் பெயரைக் கீறிவைத்துப் போனவை. அன்று இரவு பெதுவின் கூடாரத்தில் தங்கினோம். மணலுக்குள் புதைத்துச் சமைத்த இறைச்சியும் சோறும் தந்தார்கள். ஏலம் தூக்கலாகப் போட்ட கசப்புக் காப்பி சின்னக் கிண்ணத்தில் வந்தது. போதும் என்றால் கிண்ணத்தை அசைத்துக் காட்ட வேண்டும். அது தெரியாத ஒருவன் ஐந்து கிண்ணம் குடித்துவிட்டு விடிய விடிய நட்சத்திரம் எண்ணினான்.

விருந்து வைத்த பெரியவரிடம் நம் கேள்வியைக் கேட்டோம். அவர் தரையைத் தட்டிக் காட்டினார். அந்தப் பாலையின் அடியில் மணற்கல்லுக்குள் ஒரு நீர்க்கடல் இருக்கிறது. தீசி என்று பெயர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் பசுமையாக இருந்த காலத்து மழை அது. 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாய் வழியே ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் நீர் அம்மானுக்குப் போகிறது. எடுத்தால் எடுத்ததுதான். மறுபடி ஊறாது. நபத்தேயர் சென்ற ஆண்டு மழையைக் குடித்தார்கள். இன்றைய நகரம் பாட்டன் பாட்டனுக்குப் பெய்த மழையைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் இருந்தது சேமிப்பு. இவர்களிடம் இருப்பது பரம்பரைச் சொத்து. சொத்தை விற்று எத்தனை நாள் சாப்பிட முடியும்? ஜோர்டானை நான் குறை சொல்லவில்லை. குடிக்க வேறு வழியில்லாதவன் என்ன செய்வான்? ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடி இறங்கிக்கொண்டிருக்கும் நாம் அவர்களைப் பார்த்து எதைச் சொல்ல முடியும்?

கடைசியாக அகபா. செங்கடல் கரை. அங்கே நின்று எதிரே பார்த்தபோது பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். இதே செங்கடலின் எகிப்துக் கரையில், தெற்கே, குசைர் அல்-கதீம், பெரனிகே என்று இரண்டு பழைய துறைமுகங்கள் உண்டு. குசைரில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் ஓர் இந்தியத் தாழியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. மழைக்காட்டில் விளைந்த மிளகு, கடல் கடந்து, அந்தத் துறைகளில் இறங்கி, பிறகு எப்படிப் போனது? ஒட்டகத்தின்மேல், கிணறு கிணறாக நின்று நின்று, பாலையைக் கடந்து நைல் ஆற்றுக்குப் போனது. பெட்ராவின் சந்தையை வாட்டிய அந்தக் கடல்வழியில் நம் மிளகுக்கும் பங்கு உண்டு. கணனும் சாதனும் அந்தக் கரையில் இறங்கி நின்றபோது முதலில் எதைக் கேட்டிருப்பார்கள்? நாங்கள் எட்டு நாளாகக் கேட்டதைத்தான் கேட்டிருப்பார்கள்.

திரும்பும் வழியில் பாலை நெடுஞ்சாலையில் கத்ரானாவில் நின்றோம். மெக்காவுக்குப் போன பயணிகளுக்காக உதுமானியர் கட்டிய சிறு கோட்டை. பக்கத்தில் பெரிய நீர்த்தேக்கம். நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசை மாணவர்கள் தேக்கத்தைத் தேடி ஓடிவிட்டார்கள். ஆசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெரியோர்களே, சுற்றுலாவால் என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்டீர்கள். பயன் இதுதான். இனி இந்த 31 பேரும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் முன் குளம் எங்கே என்று கேட்பார்கள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் பீரங்கியை விட்டுவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அரசர் பெயரை அடுத்த தேர்வுக்குள் மறந்துபோகலாம். அந்த வட்டத் தடத்தையும், திரும்பி நீந்தும் மீனையும், மேசாவின் ஆணையையும் மறக்கமாட்டார்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஜோர்டானுக்குத்தான் என்றில்லை. பக்கத்து ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அழைத்துப் போங்கள்.

கடைசி நாள் விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிய பின் அம்மோ பேருந்துக்குள் ஏறினார். இருக்கைகளின் அடியில் குனிந்து பார்த்தார். அரைகுறை பாட்டில்களை எடுத்துவந்து படிக்கட்டில் வைத்தார். நான்கு. எங்களைப் பார்த்து நான்கு விரலைக் காட்டிச் சிரித்தார்.

பத்தொன்பது நான்காக எட்டு நாள் ஆயிற்று. அந்த நான்கில் ஒன்று என்னுடையது.